முந்திப் போடாத ஊசி: எங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்தின் தடுப்பூசிப் பணி

2023 ஏப்ரல் 19, புதன்கிழமை. இரண்டு மாதக் கைக்குழந்தையான என் மகளை எடுத்துக்கொண்டு எங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்துக்குப் போனேன். அடுத்த புதன்கிழமை என் தாய்வீட்டு ஊரில் மாரியம்மன் திருவிழா. பால்குடம் எடுப்பதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்ததால் நாங்கள் ஒரு வாரம் அங்கே தங்க வேண்டியிருந்தது. இரண்டாம் தவணை ஊசியை முன்னதாகவே போட்டுக்கொண்டால் நிம்மதியாகப் புறப்படலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். கிராம சுகாதார செவிலியர் தாய் சேய் நல அட்டையை வாங்கிப் பார்த்தார். சுவரில் தொங்கிய மாதக் காலண்டரில் மார்ச் தாளைத் தூக்கி, முதல் தவணை போட்ட 29ஆம் தேதியைக் காட்டினார். பிறகு ஏப்ரல் தாளில் 5, 12, 19 என்று விரலை ஒவ்வொரு புதனாகக் கீழே இறக்கினார். "மூணு வாரந்தாம்மா ஆகுது. இருபத்தெட்டு நாள் முடியட்டும். இன்னைக்குப் போட்டா பிள்ளைக்கு வலிதான் மிச்சம், ஊசி கணக்குல வராது" என்று சொல்லி அட்டையைத் திருப்பித் தந்துவிட்டார்.

எனக்கு முகம் சுண்டிப்போனது உண்மை. வெயிலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவளை இப்படித் திருப்பி அனுப்புகிறாரே என்று பட்டது. அவரோ அத்தோடு விடவில்லை. "திருவிழாவுக்குப் போற ஊர்லயே புதன்கிழமை போட்டுக்கலாம். எந்த அரசு சுகாதார நிலையத்துலயும் போடுவாங்க. அட்டையை மட்டும் மறக்காம எடுத்துட்டுப் போங்க" என்றார். அப்படியே ஏப்ரல் 26 அன்று, சரியாக 28ஆம் நாளில், என் அம்மாவின் ஊரில் மகளுக்கு இரண்டாம் தவணை போடப்பட்டது. அன்று திருப்பி அனுப்பப்பட்டதுதான் இந்த நிலையம் எங்களுக்குச் செய்த மிகப் பெரிய உதவி என்று இன்று உறுதியாகச் சொல்வேன். மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் பாடம் நடத்துகிறவள் என்பதால் அந்தச் செவிலியரின் விரல் நகர்வுக்குப் பின்னால் இருக்கும் அறிவியல் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் பயண அவசரத்தில் அதை மறந்திருந்தேன்.

மூத்த மகனுக்கு நேர்ந்ததைச் சொன்னால் நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது விளங்கும். அவன் 2018இல் பிறந்தபோது நாங்கள் நகரத்தில் இருந்தோம். ஒரு தனியார் மருத்துவமனையில்தான் தடுப்பூசி போட்டு வந்தோம். ஆறாம் வாரத்து ஊசிக்குப் பிறகு நாங்கள் வெளியூர் செல்ல வேண்டியிருப்பதாகச் சொன்னோம். அவர்கள் முகம் கோணாமல் 19ஆம் நாளிலேயே அடுத்த தவணையைப் போட்டு, கையேட்டில் அழகாக முத்திரை குத்திக் கொடுத்தார்கள். குளிரூட்டிய அறை, குழந்தையின் கையில் ஒரு பலூன், அன்பான பேச்சு என எல்லாம் நிறைவாக இருந்தன. அடுத்த ஊரில் வேறொரு குழந்தை மருத்துவர் கையேட்டைப் புரட்டி, தேதிகளுக்கு நடுவே 19 என்று பென்சிலால் எழுதி, அந்தத் தவணையைக் கணக்கில் எடுக்க முடியாது என்று சொல்லி, நாலு வாரம் கழித்து மறுபடியும் போட்டார். பணம் போனது போகட்டும். மூன்று மாதமே ஆன பிள்ளை தேவையில்லாமல் ஓர் ஊசியின் வலியையும் காய்ச்சலையும் தாங்கினான். கேட்டவுடன் போட்டுவிடுவது நல்ல சேவை என்று அதுவரை நான் நினைத்திருந்தேன்.

இனி இந்த நிலையத்தைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டே அறைகள் கொண்ட சிறு கட்டடம். வாசலில் ஒரு வேப்பமரம். புதன்கிழமை தடுப்பூசி நாள். அன்று காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தின் குளிர்பதனப் பெட்டியிலிருந்து மருந்துக் குப்பிகள், சுற்றிலும் ஐஸ் பாக்கெட் அடுக்கிய நீலப் பெட்டியில் வந்து சேரும். 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டிய மருந்துகள் அவை. ஒவ்வொரு குப்பியின் மேலும் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் அச்சிடப்பட்டிருக்கும். சூடு பட்டால் உள்ளிருக்கும் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்துக்கு அது வந்துவிட்டால் அந்தக் குப்பி பயன்படாது. செவிலியர் குப்பியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் ஊசியில் மருந்தை ஏற்றுவார். நான் போன எல்லாத் தடவையும் இதைக் கவனித்திருக்கிறேன்.

புதன்கிழமை என்ற ஏற்பாட்டிலேயே ஒரு பாதுகாப்பு ஒளிந்திருக்கிறது. நான்கு வாரம் என்பது மீண்டும் அதே கிழமையில் வந்து நிற்கும் கணக்கு. ஒரு புதனில் முதல் தவணை போட்ட குழந்தைக்கு நாலாவது புதனில் சரியாக 28 நாள் ஆகிறது. ஒரு நாள் இரண்டு நாள் முந்துவதற்கு இங்கே வழியே கிடையாது. முந்தினால் முழுதாக ஒரு வாரம் முந்த வேண்டும்; அதுவோ அட்டையைப் பார்த்ததும் கண்ணில் பட்டுவிடும். வாரத்தின் ஏழு நாளும் ஊசி போடும் இடங்களில்தான் எண்ணிக்கை நழுவுகிறது. அமெரிக்காவில் குறைந்தபட்ச இடைவெளிக்கு நான்கு நாள் வரை முந்திப் போட்ட தவணையைப் பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள். ஐந்து நாளோ அதற்கு மேலோ முந்திவிட்டால் அந்தத் தவணை செல்லாது, திரும்பப் போட வேண்டும். என் மகனுடையது ஒன்பது நாள் முந்தியது.

இந்த 28 நாளில் உடலுக்குள் நடப்பதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. தொடையில் செலுத்திய மருந்து அருகில் உள்ள நிணநீர் முடிச்சுகளைச் சென்றடைகிறது. உடலில் கோடிக்கணக்கில் இருக்கும் பி செல்கள் எனும் வெள்ளையணுக்களில், அந்த மருந்திலுள்ள எதிர்ப்பொருள் தூண்டியோடு, அதாவது கிருமியின் அடையாளக் கூறோடு, ஓரளவுக்காவது பொருந்துகிற மிகச் சில மட்டும் விழித்தெழுந்து பெருகத் தொடங்குகின்றன. அவற்றுள் ஒரு பகுதி, கிருமியைப் பற்றிச் செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருளை உடனே சுரக்கும் செல்களாக மாறிச் சில வாரங்களில் மடிந்துவிடுகின்றன. மற்றொரு பகுதி ஜெர்மினல் சென்டர் எனப்படும் பட்டறைக்குள் நுழைந்து, தம் மரபணுக்களில் சிறுசிறு மாற்றம் செய்துகொண்டு, கிருமியை இன்னும் இறுகப் பிடிக்கக்கூடியவை எவை என்று தம்முள் சலித்தெடுக்கின்றன. சலிப்பில் தேறியவைதான் நீண்ட காலம் வாழும் நினைவாற்றல் செல்களாகவும், எலும்பு மஜ்ஜையில் குடியேறி ஆண்டுக்கணக்கில் எதிர்ப்பொருள் சுரப்பவையாகவும் ஆகின்றன. பாலில் உறை குத்தி வைத்துவிட்டு அரை மணிக்கொரு தரம் கலக்கிப் பார்த்தால் தயிர் கட்டியாக உறைவதில்லை. முதல் தவணையின் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே இரண்டாவதைச் செலுத்துவதும் அப்படித்தான். பாதியில் நிற்கும் முதல் அலையோடு புதிய அலை போட்டி போடுகிறது. அப்போது இரத்தத்தில் மிகுந்திருக்கும் எதிர்ப்பொருளே புதிதாக வந்த மருந்தைப் பற்றிக்கொண்டு, பி செல்களின் கண்ணில் அது படாமல் செய்துவிடவும் கூடும். முதல் வரிசைத் தவணைகளுக்கு நடுவே குறைந்தது மூன்று நான்கு வாரம் வேண்டும் என்பது இதனால் வந்த விதி.

அடுத்து வருகிற பூஸ்டர் தவணையின் கணக்கு வேறு. பட்டறைச் சலிப்பு முழுமையடைந்து தேர்ந்த நினைவாற்றல் செல்கள் உருவாவதற்கு நான்கு மாதமாவது ஆகும். அதற்குப் பிறகு செலுத்தும் தவணைதான் அந்தச் செல்களைத் தட்டியெழுப்பி, முன்பைவிடப் பல மடங்கு அதிகமான, கிருமியை இன்னும் இறுகப் பற்றுகிற எதிர்ப்பொருளைச் சில நாட்களிலேயே சுரக்க வைக்கிறது. கல்லீரல் அழற்சி பி (ஹெபடைடிஸ் பி) தடுப்பூசியைப் பெரியவர்களுக்குத் தொடக்கம், ஒரு மாதம், ஆறு மாதம் என்று போடுவதிலும் இதே தர்க்கம்தான். முதலிரண்டும் விதைப்பு, மூன்றாவதுதான் அறுவடை.

அப்படியானால் குழந்தைகளுக்கு மட்டும் ஏன் 6, 10, 14 வாரம் என்று இத்தனை நெருக்கமாகப் போடுகிறார்கள் என்று என் மாணவிகள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. எதிர்ப்பொருளின் அளவை மட்டும் பார்த்தால், 2, 4, 6 மாதம் என்று இரண்டு மாத இடைவெளி விடுவது பொதுவாகக் கூடுதல் பலன் தரும். பல பணக்கார நாடுகளின் அட்டவணையும் அதுவே. ஆனால் கக்குவான் இருமல் பச்சைக் குழந்தைகளைத்தான் அதிகம் கொல்லும் நோய். ஆறு மாதம் வரை காத்திருந்து மிகச் சிறந்த எதிர்ப்பாற்றலை உண்டாக்குவதற்குள், அந்தக் குழந்தையே நோய்க்கு இரையாகிவிடலாம். உலக சுகாதார நிறுவனம் 1974இல் விரிவுபடுத்தப்பட்ட நோய்த்தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. இந்தியா 1978இல் அதில் இணைந்து, 1985இல் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டமாக அதை விரித்தது. இந்தியாவைப் போன்ற நாடுகள் பின்பற்றும் 6, 10, 14 வார அட்டவணை, உடலுக்கு உகந்த இடைவெளிக்கும் நோய் வந்து கதவைத் தட்டும் வயதுக்கும் நடுவே செய்துகொண்ட சமரசம். நாலு வாரம் என்பது அந்தச் சமரசத்தின் கடைசி எல்லை. அதற்குக் கீழே இறங்கினால் சமரசத்துக்கே பொருள் இல்லை.

நெருக்கமாகப் போட்டுவிட்டு பூஸ்டரை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டனே சாட்சி. குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலையும் நிமோனியாவையும் தரும் ஹிப் கிருமிக்கு எதிரான தடுப்பூசியை அந்நாடு 1992இல் அறிமுகப்படுத்தியது. 2, 3, 4 மாதங்களில் மூன்று தவணை. அதன் பின் பூஸ்டர் இல்லை. நோய் மளமளவென்று சரிந்தது. எல்லோரும் மகிழ்ந்திருந்த வேளையில், 1999இலிருந்து நோய் மறுபடி தலைதூக்கியது. இடையில் கூட்டுத் தடுப்பூசியின் வகை மாறியது உட்படக் காரணங்கள் பல உண்டு என்றாலும், நெருக்கமாகப் போட்ட மூன்று தவணைகள் தந்த பாதுகாப்பு ஓராண்டுக்குப் பிறகு தேய்ந்ததும், அதைத் தூக்கி நிறுத்த பூஸ்டர் இல்லாததும் முக்கியமானவை. 2003இல் சிறு பிள்ளைகளுக்குக் கூடுதல் தவணை ஒன்றைப் போட்டார்கள். 2006இல் ஒரு வயதில் பூஸ்டர் என்பதை நிரந்தரமாக்கினார்கள். நம் நாட்டில் ஹிப் மருந்து, ஐந்து நோய்களுக்கான மருந்தை ஒன்றாகச் சேர்த்த பென்டாவேலன்ட் ஊசியின் ஐந்தில் ஒன்றாக இருக்கிறது. 2011 டிசம்பரில் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும்தான் அது முதலில் தொடங்கப்பட்டது. 16ஆம் மாதத்தில் அரசு போடும் பூஸ்டரில் தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி ஆகிய மூன்றும்தான் உண்டு, ஹிப் இல்லை. தனியார் மருத்துவர்கள் பின்பற்றும் அட்டவணையில் ஹிப் பூஸ்டரும் உண்டு. நாட்டின் திட்டத்தைப் பற்றி எனக்குள்ள ஒரு குறை இது. எங்கள் ஊர்ச் செவிலியரைச் சேராது.

மூன்றாம் தவணை நாளான மே 24 அன்று மகளுக்குக் கடுமையான காய்ச்சல். நிலையத்துக்குப் போனபோது செவிலியர் தொட்டுப் பார்த்துவிட்டு, காய்ச்சல் தணிந்த பிறகு கூட்டி வரச் சொன்னார். ஜூன் 7 அன்று போட்டோம்; நாலு வாரத்துக்குப் பதிலாக ஆறு வாரம் ஆகியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, "நாள் தப்பிப்போச்சே, நர்சம்மா, முதல்லேர்ந்து போடணுமா?" என்று தன் பேரனுக்காகக் கேட்டார். அந்தப் பிள்ளைக்கு இரண்டாம் தவணையே மூன்று மாதம் தள்ளிப்போயிருந்தது. "விட்ட இடத்துலேருந்து போட்டாப் போதும் பாட்டி. போட்டது வீண் போகாது" என்று செவிலியர் பொறுமையாகச் சொன்னார். மருத்துவ முறையில் இது மிகச் சரியான பதில். முந்திப் போட்டால் செல்லாத தவணை, பிந்திப் போட்டால் செல்லும். நினைவாற்றல் செல்கள் காத்திருக்கும். ஆனால் அவர் பாட்டியை அந்த நிம்மதியோடு அனுப்பிவிடவில்லை. உள்ளே செல்கள் காத்திருந்தாலும் வெளியே கக்குவான் இருமல் காத்திருக்காது, அந்த மூன்று மாதமும் பிள்ளை அரைகுறைப் பாதுகாப்போடுதான் இருந்தான் என்பதையும் அவருக்குப் புரியும் பேச்சில் எடுத்துச் சொன்னார். பிந்தியவர்களைத் திட்டித் துரத்துகிற இடங்களை நான் பார்த்திருக்கிறேன். திட்டு வாங்கிய தாய் அடுத்த முறை வருவதில்லை.

இந்த நிலையத்தில் நான் வியந்து பார்த்த இன்னொன்று, போலியோ ஊசி. வாயில் விடும் சொட்டு மருந்தைத் தவிர, செயலிழக்கச் செய்த போலியோ மருந்தைத் தோலுக்குள் 0.1 மில்லி லிட்டர் மட்டும் செலுத்துகிறார்கள். முழு அளவில் இது ஐந்தில் ஒரு பங்கு. செவிலியர் குழந்தையின் வலது மேற்கையைத் தன் இடக்கையால் பற்றித் தோலை இறுக்கி, ஊசியை ஏறக்குறையக் கிடையாகவே வைத்து நுழைத்தார். மருந்து இறங்க இறங்க, ஆரஞ்சுத் தோல் போன்ற புள்ளிகளோடு ஒரு துவரம்பருப்பு அளவுக்குக் கொப்புளம் எழுந்தது. கொப்புளம் எழவில்லை என்றால் மருந்து தோலுக்குக் கீழே போய்விட்டது என்று பொருள். இந்த ஊசி 6ஆம் வாரத்திலும் 14ஆம் வாரத்திலும் உண்டு. நடுவில் 10ஆம் வாரத்தில் இல்லை. இதுவும் இடைவெளிக் கணக்குதான். கியூபாவில் நடந்த ஆய்வுகளில், சிறு அளவு மருந்தை 6, 10, 14 வாரங்களில் மூன்று முறை கொடுத்தபோது கிடைத்த பலன் குறைவாக இருந்தது. நான்காம் மாதத்திலும் எட்டாம் மாதத்திலும் இரண்டே முறை கொடுத்தபோது மூன்று வகை போலியோவுக்கும் 90 விழுக்காட்டுக்கு மேல் எதிர்ப்பாற்றல் உண்டானது. குழந்தையின் வயது கூடியதற்கும் அதில் பங்கு உண்டு, இடைவெளி நீண்டதற்கும் பங்கு உண்டு. தவணையின் எண்ணிக்கையைவிட அதன் நேரம் பெரிதாக இருக்க முடியும் என்பதற்கு நான் வகுப்பில் சொல்லும் எடுத்துக்காட்டு இது. 2023 ஜனவரியிலிருந்து ஒன்பதாம் மாதத்தில் மூன்றாவதாகவும் ஒன்று சேர்க்கப்பட்டிருக்கிறது. அது இடது கையில்.

இந்த இடத்தில் என் மாமனாரின் கொரோனா தடுப்பூசியையும் சொல்ல வேண்டும். 2021 மார்ச் நடுவில் அவருக்குக் கோவிஷீல்டு முதல் தவணை போடப்பட்டது. 28 நாளில் வாருங்கள் என்றார்கள். மார்ச் 22 அன்று இடைவெளி 6 முதல் 8 வாரம் என்று அறிவிக்கப்பட்டது. மே 13 அன்று அது 12 முதல் 16 வாரம் ஆனது. மருந்து கிடைக்காத நேரத்தில் இந்த அறிவிப்பு வந்ததால், தட்டுப்பாட்டை மறைக்கத்தான் நாளைத் தள்ளுகிறார்கள் என்று மாமனார் உறுதியாக நம்பினார். அவர் சந்தேகப்பட்டதைக் குற்றமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் இடைவெளியை நீட்டியதற்கு அறிவியல் ஆதாரம் இருந்தது. அந்தத் தடுப்பூசியை உருவாக்கிய ஆக்ஸ்போர்டு குழுவினர் 2021 பிப்ரவரியில் வெளியிட்ட ஆய்வில், இரு தவணைகளும் ஆறு வாரத்துக்குள் போடப்பட்டவர்களுக்கு 55.1 விழுக்காடும், 12 வாரமோ அதற்கு மேலோ விட்டுப் போடப்பட்டவர்களுக்கு 81.3 விழுக்காடும் பாதுகாப்புக் கிடைத்ததாகக் கண்டார்கள். அதே மருந்து, அதே இரு தவணை. மாறியது நாள் மட்டும்.

ஆயினும் சமரசத்தின் மறுபக்கம் உடனே வந்து நின்றது. டெல்டா வகைக் கிருமிக்கு எதிராக ஒரே ஒரு தவணை தந்த பாதுகாப்பு சுமார் 30 விழுக்காடுதான் என்று பிரிட்டனில் பின்னர் தெரியவந்தது. இந்தியா இடைவெளியை நீட்டிய மறுநாள், மே 14 அன்று, பிரிட்டன் 50 வயதுக்கு மேற்பட்டோருக்கும் நோய் அபாயம் மிகுந்தோருக்கும் அதை 12 வாரத்திலிருந்து 8 வாரமாகக் குறைத்தது. இரு நாடுகளும் எதிரெதிர்த் திசையில் நகர்ந்தன. உடலுக்குள் நடக்கும் வேலை நீண்ட இடைவெளியைக் கேட்கிறது. ஊருக்குள் பரவும் நோய் குறுகிய இடைவெளியைக் கேட்கிறது. இந்த இரண்டையும் சேர்த்து மக்களுக்கு அன்று விளக்கியிருந்தால், மாமனாரைப் போன்றவர்கள் அத்தனை கசப்போடு வீடு திரும்பியிருக்க மாட்டார்கள். காலண்டரில் விரல் வைத்துக் காட்டும் ஒரு செவிலியர் அங்கே இல்லாமல் போனார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஒன்பதாம் மாதம், 2023 நவம்பர் 15. மழை நாள். தட்டம்மை ரூபெல்லா ஊசிக்காகப் போயிருந்தோம். இந்த ஊசிக்கு ஒன்பது மாதம் வரை ஏன் காத்திருக்க வேண்டும் என்பதும் நேரம் சார்ந்த கேள்விதான். தாயிடமிருந்து கருவிலேயே குழந்தைக்கு வந்துசேர்ந்த எதிர்ப்பொருள்கள் முதல் சில மாதங்கள் இரத்தத்தில் இருக்கும். தட்டம்மை ஊசியில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ். அது குழந்தையின் உடலில் சற்றே பெருகினால்தான் எதிர்ப்பாற்றல் உண்டாகும். தாய் கொடுத்த எதிர்ப்பொருள் அதைப் பெருகவிடாமல் அழித்துவிடும். ஒன்பதாம் மாதத்தில் போட்டால் சுமார் 85 விழுக்காட்டுக் குழந்தைகளுக்கும், 12ஆம் மாதத்தில் போட்டால் சுமார் 95 விழுக்காட்டுக் குழந்தைகளுக்கும் பலிக்கிறது. ஒரு வயது வரை காத்திருந்தால் தட்டம்மை முந்திக்கொள்ளும் என்பதால் நம் நாட்டில் ஒன்பது. முதலில் பலிக்காத குழந்தைகளுக்கு மறுவாய்ப்பாகத்தான் 16 மாதத்துக்குப் பிறகு இரண்டாம் தவணை வருகிறது. அதை வெறும் பூஸ்டர் என்று எண்ணி விட்டுவிடுகிறவர்கள், தம் பிள்ளை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரியாமலேயே விடுகிறார்கள். அன்று மழையால் எங்களோடு சேர்த்து இரண்டே குழந்தைகள் வந்திருந்தன. கலக்கிய நாலு மணி நேரத்துக்குள் பயன்படுத்தி முடிக்க வேண்டிய மருந்து அது. மீதத்தைக் கொட்டிவிட வேண்டும். செவிலியர் தயங்காமல் புதிய குப்பியைத் திறந்து, திறந்த நேரத்தைப் பேனாவால் குப்பியின் மேல் எழுதினார். "ரெண்டு பிள்ளைக்கு ஒரு குப்பியா?" என்று கேட்டேன். "மருந்து போனா வரும்மா" என்றார்.

வெறிநாய்க்கடி ஊசியில் மட்டும் எல்லாக் கணக்கும் தலைகீழ். பக்கத்து வீட்டுப் பையனை நாய் கடித்தபோது ஆரம்ப சுகாதார நிலையத்தில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போட்டார்கள். தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்ட காலத்தை நினைத்து நடுங்கிய அவன் தாத்தா, கையில் இரு பக்கமும் தோலுக்குள் சிறு ஊசி போட்டதைப் பார்த்து நம்பவே இல்லை. கிருமி நரம்பு வழியாக மூளையை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும்போது பட்டறைச் சலிப்புக்குக் காத்திருக்க முடியாது. எதிர்ப்பொருள் உடனே வேண்டும் என்பதால் முதல் வாரத்திலேயே மூன்று முறை. அங்கே ஒரு நாள் தள்ளிப்போடுவதும் ஆபத்து.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். காத்திருக்கும் இடத்தில் ஒரே ஒரு பெஞ்சுதான் இருக்கிறது. ஊசி போட்ட பின் அரை மணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்வது சரியான நடைமுறைதான் என்றாலும், பாலூட்டும் தாய்மார்களுக்கு மறைவிடம் இல்லை. நவம்பரில் நிமோனியா தடுப்பூசி இருப்பு இல்லாமல், மகளுக்கு அதன் பூஸ்டரை இரண்டு வாரம் கழித்து வந்து போட வேண்டியதாயிற்று. அந்தத் தாமதத்தால் எதிர்ப்பாற்றலுக்குக் கேடு இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் கூலி வேலையை விட்டுவிட்டு மழையில் வந்த ஒரு தாய்க்கு அது ஒரு நாள் சம்பளம். அடுத்த தவணையை நினைவூட்டும் குறுஞ்செய்தி எனக்கு இரண்டு முறை வரவேயில்லை. அட்டை ஒன்றுதான் நம்பகமானது. அதன் தாளோ தண்ணீர் பட்டால் ஊறிப்போகும் தாள். நான் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருக்கிறேன். கைப்பேசியில் படமும் எடுத்து வைத்துக்கொண்டேன். மற்ற தாய்மார்களும் அப்படியே செய்யலாம். அட்டை தொலைந்தால் பிள்ளையின் தேதிகளும் தொலைந்துபோகும்.

இங்கே வர நினைப்பவர்கள் புதன்கிழமை காலையில் சற்று முன்னதாகவே வந்துவிடுங்கள். பத்து மணிக்குப் பிறகு கூட்டம் சேர்ந்துவிடுகிறது. பிள்ளைக்கு வயிறு நிறையப் பால் கொடுத்துவிட்டு, தொடையை எளிதில் திறக்கக்கூடிய உடை போட்டு அழைத்து வாருங்கள். வெளியூரில் போட்ட ஊசி ஏதாவது இருந்தால் அதன் சீட்டையும் கொண்டு வாருங்கள். செவிலியர் தேதியைப் பார்க்காமல் எதையும் செய்ய மாட்டார்.

2024 ஜூன் 19 அன்று மகளுக்கு 16ஆம் மாதத்து ஊசிகள் போடப்பட்டன. நடக்கத் தெரிந்துவிட்டதால் அவள் ஊசியைப் பார்த்ததும் வாசலுக்கு ஓடினாள். வேப்பமரத்தடியில் பிடித்துத் தூக்கி வந்தேன். அட்டையில் அடுத்து வருவது ஐந்து வயதில் போடும் பூஸ்டர். செவிலியர் அந்தக் கட்டத்தைக் காட்டி, "இதுக்கு நிறைய நாள் இருக்கு, ஆனா இதைத்தான் எல்லாரும் மறந்துடுவாங்க" என்று சொல்லி, கட்டத்துக்குள் 2028 பிப்ரவரி என்று எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டார். எனக்குப் பின்னால் ஒரு பெண் நாற்பது நாள் குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய அட்டையை வாங்கிக்கொண்டு அவர் காலண்டர் பக்கம் திரும்பினார்.